யாருக்காக? எதற்காக? – நமது ஜமாஅத் இணையதளம் குறித்துச் சில சிந்தனைகள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



 

இன்றைய பொருள் நிரலில் ஏழாவதாக இடம்பெற்றிருப்பது, ஜமாஅத்துக்குப் புதிய இணையதளம் அமைப்பது பற்றிய தீர்மானமாகும். அதற்கெனத் தொகை ஒதுக்கலாமா, வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னர், அதுபற்றிச் சில கருத்துகளை எடுத்து வைக்குமாறு நிர்வாகக் குழு என்னைப் பணித்தது. நான் கணினி வல்லுநன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆயினும், இதுபற்றிப் பேசுவதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. நமது ஜமாஅத்தின் முதல் இணையதளத்துக்குப் பொறுப்பாளனாக இருந்து, அதைத் தோல்வியில் முடித்தவன் நான். அந்தத் தோல்வி ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்லாமல், புதிய ஒன்றுக்குப் பணம் கேட்பது முறையாகாது.

முதல் தளத்தின் கதை

2007ஆம் ஆண்டு மதரஸா ஆண்டு விழாவின்போது அந்தத் தளம் திறந்து வைக்கப்பட்டது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேடையில் ஒரு திரை; அதில் நம் பள்ளிவாசலின் மினாரா; அதன் உச்சியில் மினுக்கி மினுக்கி எரியும் ஒரு விளக்கு. கீழே வண்ண எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தன. நிர்வாகிகள் அனைவரின் நிழற்படங்களும் பதவி வரிசைப்படி இருந்தன. அடியில், வந்து பார்த்தோர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு பெட்டி இருந்தது. அந்த எண் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக நாங்களே ஒரு நாளைக்குப் பத்துமுறை திறந்து பார்த்தோம், எண்ணும் ஏறியது, ஊரே பார்க்கிறது என்று மகிழ்ந்தோம்.

வளைகுடாவில் இருந்த நம்மவர்கள் தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, ஒன்றும் படிக்க முடியவில்லையே" என்றார்கள். நாங்கள் பயன்படுத்திய எழுத்துருவை முதலில் இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும் என்று விளக்கம் சொன்னோம். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத தொழிலாளி என்ன செய்வார் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆனால், 2009ஆம் ஆண்டு நடந்ததை என்னால் அவ்வாறு கடந்துபோக முடியவில்லை. நமது கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 31 என்று அத்தளத்தில் இருந்தது. அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. அவ்வாண்டு கடைசி நாளை ஜூன் 30 என்று மாற்றியிருந்தோம், பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டோம், தளத்தில் மாற்றவில்லை. தந்தையை இழந்த ஒரு மாணவியின் தாயார், தம் மகன் இணைய மையத்தில் அச்செடுத்துக் கொடுத்த அந்தத் தாளை நம்பி, ஜூலை மூன்றாம் வாரத்தில் விண்ணப்பத்துடன் அலுவலகத்துக்கு வந்தார். நிதி முழுவதும் அதற்குள் வழங்கப்பட்டுவிட்டது. அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ஜமாஅத் போட்டதுதானே பாய் இது?" என்று கேட்டார். ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை.

பலகையில் எழுதியது சரியாகத்தானே இருந்தது என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பள்ளிவாசலின் முன்வாயிலில் இருக்கும் அந்தப் பலகையைப் படிக்க அந்தத் தாயார் எப்போது வந்திருக்க முடியும்? எவருக்குப் பலகை எட்டாதோ அவருக்காகவே தளம் இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தவறான நாளைக் காட்டிய தளம், இல்லாமலே இருந்திருக்கலாம்.

2011இல் அத்தளத்தின் பெயருக்கான ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. பெயர் ஜமாஅத்தின் பேரில் பதிவு செய்யப்படாமல், ஆர்வத்தோடு உதவிய ஓர் இளைஞரின் பேரில் இருந்தது. அவர் பிழைப்புக்காக வெளிநாடு சென்றுவிட்டார். நினைவூட்டல் கடிதங்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பெயரை வேறு எவரோ வாங்கிக்கொண்டார்கள். நம் ஜமாஅத்தின் பெயரைத் தட்டினால் சம்பந்தமில்லாத விளம்பரங்கள் வந்து நின்றன. அந்த இளைஞரைக் குறை சொல்வதற்கில்லை. பொறுப்பை முறைப்படுத்தாத குறை எங்களுடையது.

நிய்யத் முதலில், மினாரா பிறகு

பழுது எங்கே நேர்ந்தது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தளம் யாருக்காக, எதற்காக என்னும் இரண்டு கேள்விகளை எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பக்கத்து ஊர் ஜமாஅத்தில் இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்பதே எங்கள் நோக்கமாக இருந்தது.

தொழுகைக்கு நிய்யத் உண்டு. நோன்புக்கு நிய்யத் உண்டு. பள்ளிவாசல் கட்டும்போதும் மினாராவின் உயரத்தை எவரும் முதலில் பேசுவதில்லை. முதலில் கிப்லாவின் திசையைக் குறித்து, அதற்கேற்பக் கயிறு கட்டி, அதன் பின்னரே அஸ்திவாரம் தோண்டுகிறோம். சுவர் எழும்பிய பிறகு திசை பிசகியிருப்பது தெரிந்தால், ஸஃப்பைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு காலமெல்லாம் தொழ வேண்டியதுதான். நாங்கள் 2007இல் மினாராவை முதலில் எழுப்பினோம். திசையை எவரும் குறிக்கவில்லை.

உலகின் முதல் இணையதளத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989இல் அதற்கான திட்டத்தை முன்வைத்தார்; 1991இல் அது உலகத்தின் பார்வைக்கு வந்தது. அவர் முன்னிருந்த தேவை தெளிவானது. பல நாடுகளிலிருந்து வந்து ஆய்வு செய்துவிட்டுத் திரும்பும் அறிவியலாளர்கள், வெவ்வேறு கணினிகளில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளை இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னாருக்கு இன்ன தேவை என்று தொடங்கியதுதான் பின்னர் உலகம் முழுமைக்கும் பயன்பட்டது.

தமிழிலும் சான்றுகள் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றி, எவரும் விலையின்றிப் படிக்கச் செய்வது அதன் ஒரே குறிக்கோள். உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் உதவினார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் அங்கே காணலாம். அதன் பக்கங்களில் அலங்காரம் கிடையாது. ஆனால், எதற்காக வந்தோமோ அது கிடைக்கிறது. 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், அயல்நாடுகளில் வாழும் தமிழர்கள் தமிழ் கற்க வேண்டும் என்பதை முன்னிறுத்தியே தன் பாடங்களை வகுத்தது. அது இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்குகிறது. படிப்பவர் இன்னார் என்று தெரிந்ததனால், எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்பதும் தெரிந்தது.

"அனைவருக்கும்" என்பது விடையாகாது

யாருக்காக இந்தத் தளம் என்று இப்போது கேட்டாலும், உடனே வரும் விடை, "அனைவருக்கும்" என்பதுதான். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் வேலைக்கு உதவாது. அனைவருக்கும் என்று எழுதப்படும் பக்கத்தில் வரவேற்புரை இருக்கும், வாழ்த்துரை இருக்கும்; ஒரு குறிப்பிட்ட மனிதர், ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட தேவையோடு வந்தால் அவருக்கு அங்கே ஒன்றும் இராது.

ஆகவே, இம்முறை வேறு வழியில் தொடங்கினோம். நானும் இரண்டு இளைஞர்களும் ஒரு மாத காலம், அஸர் முதல் இஷா வரை, ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்தோம். வருபவர் யார், என்ன கேட்டார், எத்தனையாவது முறையாக வந்திருக்கிறார் என்பவற்றை மட்டும் எழுதினோம், பெயரை எழுதவில்லை. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த தொலைபேசி அழைப்புகளையும் அவ்வாறே குறித்தோம்.

அந்தக் குறிப்பேடு எங்களுக்குப் பல பாடங்களைக் கற்பித்தது. மகனின் நிகாஹுக்கு ஜமாஅத் கடிதம் வாங்க என்னென்ன கொண்டுவர வேண்டும்? நிகாஹ் தஃப்தரின் நகல் எவ்வாறு பெறுவது? அடக்கச் சான்று யார் தருவார்? மதரஸாவில் சேர்க்கை எப்போது? ஷாதி மஹால் எந்த நாளில் காலியாக இருக்கிறது? கேள்விகள் பெரும்பாலும் இவையே. ஒரே கடிதத்துக்காக மூன்று முறை அலைந்தவர்கள் இருந்தார்கள். முதல்முறை வந்தபோது ஆதார் நகல் இல்லை. இரண்டாம் முறை பெண் வீட்டாரின் ஜமாஅத் கடிதம் இல்லை. இரண்டையும் முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். அந்த மாதம் முழுவதும் நிர்வாகிகளின் நிழற்படத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மினாராவின் உயரத்தையும் எவரும் கேட்கவில்லை.

நம் வாசகர்கள் யாவர்?

அக்குறிப்பேட்டின் துணைகொண்டு, நான்கு வகையினரை முதன்மை வாசகர்களாக முன்மொழிகிறோம்.

முதலாமவர், வெளிநாட்டில் இருப்பவர். துபாயிலும் ரியாத்திலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு, சந்தாவைத் தவறாமல் அனுப்புகிறவர். அவருக்கு வேண்டியவை இரண்டு: தாம் அனுப்பிய பணம் என்னவாயிற்று என்ற கணக்கு, ஊருக்கு வரும் முப்பது நாள் விடுமுறையில் வேலைகளை முடித்துக்கொள்ளும் வழி. அவருக்கு எழுதும்போது நாம் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். "மஃக்ரிபுக்குப் பின் கூட்டம்" என்று எழுதினால் நம் ஊரில் விளங்கும். அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முந்தியவை. ஆகவே, இந்திய நேரம் இத்தனை மணி என்று இலக்கத்தில் எழுத வேண்டும்.

அவருக்குத் தெரிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009ஆம் ஆண்டு முதல் எல்லாச் சமயத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திருமண நாளிலிருந்து 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நிகாஹ் முடிந்து, விடுமுறையும் முடிந்து விமானம் ஏறிய பிறகு, மனைவியின் விசாவுக்குச் சான்றிதழ் கேட்கப்படும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது. தஃப்தர் நகல் நம்மிடம் இருப்பது வேறு, அரசுப் பதிவு வேறு என்பதை நிகாஹுக்கு முன்பே சொல்லும் ஒரு பக்கம், எத்தனையோ அலைச்சல்களைத் தவிர்க்கும்.

இரண்டாமவர், அலுவலகத்துக்கு வர இயலாத பெண். கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். இத்தாவின் காலம் நான்கு மாதம் பத்து நாள். ஆனால், மரணத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்ய அரசு அனுமதிக்கும் காலம் 21 நாள். மரணச் சான்று கிடைத்தால்தான் வாரிசுச் சான்று. வாரிசுச் சான்று கிடைத்தால்தான் வங்கிக் கணக்கும் மற்றவையும். துக்கம் ஆறாத அந்த நாள்களில் இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். அவர் கையில் இருக்கும் தொலைபேசியில், எளிய தமிழில், எந்தச் சான்றுக்கு எந்த அலுவலகம், எத்தனை நாளுக்குள், என்னென்ன தாள்கள் என்று வரிசையாக இருந்தால், அவர் தம் சகோதரனையோ மகனையோ அனுப்பிக் காரியத்தை முடித்துக்கொள்வார். பிறரிடம் கெஞ்சிக் கேட்கும் நிலை அவருக்கு வராது. மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தின் துணையோடு இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தைப் பற்றிய விவரமும் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாமவர், மாணவரும் அவருடைய பெற்றோரும். 2007ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்று முறையாக இல்லாவிட்டால் அந்த உரிமை கைக்கு எட்டாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு சான்றுக்கு ஓடுவதைவிட, முன்னதாகவே நினைவூட்டுவது நம் கடமை. அதேபோல் இல்லாத திட்டங்களை இருப்பதாகக் காட்டக் கூடாது. சிறுபான்மை மாணவர்க்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வழங்கப்பட்டுவந்த மத்திய அரசின் உதவித்தொகையும், ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆஸாத் ஆய்வு உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டன. பழைய துண்டறிக்கையைப் பார்த்து இவற்றை ஏற்றினால், 2009இல் நாங்கள் செய்த அதே பிழையை மீண்டும் செய்தவர்களாவோம்.

நான்காமவர், பிற ஊர் ஜமாஅத்தார். சம்பந்தம் பேசும்போது விசாரிப்பவர்கள், கடிதத்தின் உண்மையைச் சரிபார்க்க விரும்புபவர்கள். இவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம்: அலுவலக நேரம், பொறுப்பாளரின் பதவி, அலுவலகத் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

நம் பிற சமயச் சகோதரர்கள், அரசு அலுவலர்கள், ஊரின் வரலாற்றைத் தேடும் ஆய்வாளர்கள் ஆகியோர் வேண்டாதவர்கள் அல்லர். அவர்கள் வந்தால் படிப்பதற்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனால், முதல் பக்கத்தை அவர்களுக்காக அலங்கரித்துவிட்டு, இந்த நால்வரையும் உள்ளே தேட விடக் கூடாது.

வாட்ஸ்அப் போதாதா?

நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இணையதளம் எதற்கு?" ஜனாஸா அறிவிப்பு போன்ற உடனடிச் செய்திக்கு வாட்ஸ்அப்பும் ஒலிபெருக்கியும் போதும், அந்த வேலையைத் தளத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், வாட்ஸ்அப்பில் வருவது ஆற்று நீர். காலையில் வந்த அறிவிப்பு மாலைக்குள் நூறு ஸலாம்களுக்கும் வாழ்த்துகளுக்கும் கீழே போய்விடுகிறது. குழுவில் இல்லாதவருக்கு அது எட்டுவதே இல்லை. குழுவில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று நாமே கேட்டுப் பார்க்கலாம். தளம் கிணறு போன்றது. தேவைப்படும்போது வந்து இறைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே இடத்தில் இருக்கும். ஆற்றின் வேலை வேறு, கிணற்றின் வேலை வேறு.

முகநூலில் விலையில்லாமல் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொல்லப்படுகிறது. வைத்துக்கொள்ளலாம், ஆனால், பிறர் மனையில் போட்ட கொட்டகை என்பதை மறந்துவிடலாகாது. ஒரு காலத்தில் பலரும் தளம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. அங்கே எழுதி வைத்தவர்களின் எழுத்துகளும் படங்களும் அவற்றோடு போயின. ஜமாஅத்தின் கணக்கும் அறிவிப்பும் ஜமாஅத்தின் சொந்தப் பெயரில் உள்ள இடத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றே குறிக்கோள்கள்

வாசகர் இன்னார் என்று தெரிந்த பின் குறிக்கோளை வகுப்பது எளிது. பத்துக் குறிக்கோள்களை எழுதிப் பார்த்து, ஏழினை அடித்தோம். அகலக்கால் வைத்து மீண்டும் விழ விருப்பமில்லை. எஞ்சிய மூன்றும் ஆண்டிறுதியில், நிறைவேறியதா, இல்லையா என்று எவரும் அளந்து பார்க்கக்கூடியவை.

ஒன்று: ஜமாஅத் அலுவலகத்தில் பெறவேண்டிய எந்தத் தாளுக்கும் ஒரே நடை போதும் என்ற நிலை. ஒவ்வொரு கடிதத்துக்கும் வேண்டிய ஆவணங்களின் பட்டியலும் விண்ணப்பமும் தளத்தில் இருக்கும். ஓராண்டுக்குப் பின் அதே குறிப்பேட்டை அதே மாதத்தில் மீண்டும் வைப்போம். இரண்டாம் நடை, மூன்றாம் நடை வருபவர்கள் குறைந்திருக்கிறார்களா என்று பார்ப்போம். குறையவில்லையெனில் தளம் தோற்றது என்று ஒப்புக்கொள்வோம்.

இரண்டு: ஒவ்வொரு மாதத்தின் வரவு செலவுச் சுருக்கமும் அடுத்த மாதம் 10ஆம் நாளுக்குள் தளத்தில் இருக்கும். ஒரு மாதம் தவறினாலும் அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் காரணம் சொல்ல வேண்டும்.

மூன்று: உதவித்தொகை, சான்றிதழ், அரசுத் திட்டம் பற்றிய ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் சரிபார்க்கப்படாத பக்கம் எடுக்கப்பட்டுவிடும். காலாவதியான செய்தியைக் காட்டுவதைவிட, "அலுவலகத்தில் கேட்கவும்" என்ற ஒரு வரி மேலானது.

அடித்த ஏழும் பயனற்றவை என்பது பொருளன்று. பழைய ஆவணங்களைப் படியெடுத்துக் காப்பது அவற்றுள் ஒன்று. 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட உமீத் தளத்தில் வக்ஃபு சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்ற வேண்டி வந்தபோது, நம் அலமாரிகளில் பத்திரங்களைத் தேடி நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்தப் பணி அவசியம் நடக்க வேண்டும். ஆனால், அது அலுவலகத்தின் உள்வேலை. பொது இணையதளத்தின் வேலையன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் முடியாமல் நிற்கும்.

இடம்பெறக் கூடாதவை

எது வேண்டும் என்பதைப் போலவே, எது கூடாது என்பதையும் இன்றே முடிவு செய்துகொள்வது நலம். பைத்துல்மாலில் உதவி பெற்றவர்களின் பெயரோ படமோ இடம்பெறக் கூடாது. கொடுத்த தொகையின் கூட்டுத்தொகை போதும். நிகாஹ் தஃப்தரின் பக்கங்களைப் பார்வைக்கு வைக்கக் கூடாது. தலாக், சொத்துத் தகராறு போன்ற வழக்குகளின் விவரம் அறவே கூடாது. மின்னணு வடிவிலுள்ள தனிமனிதத் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. அச்சட்டம் வருவதற்கு முன்பும், அடுத்தவர் மானத்தைக் காப்பது நமக்குக் கடமையாகவே இருந்தது.

எழுத்து எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோட் தமிழில் இருக்க வேண்டும். சிறிய தொலைபேசித் திரையில், கண் மங்கிய பெரியவரும் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலேயே வளர்ந்து தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்காக, கடிதங்கள் பற்றிய பக்கங்கள் மட்டுமாவது ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

பொறுப்பு யாருடையது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. குறிக்கோளை எழுதிவிட்டால் அது தானே நடந்துவிடாது. தளத்தின் பெயர் ஜமாஅத்தின் பெயரிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்க வேண்டும். பதவி மாறும்போது சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைப்பது போல அதையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம், மின்கட்டணத்தைப் போல வழக்கமான செலவுக் கணக்கில் சேர வேண்டும். திங்கள்தோறும் பக்கங்களைச் சரிபார்க்க ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் நியமிக்கப்பட வேண்டும். பெண்ணுக்கு எது தேவை என்பதை ஆண்கள் நாங்களே ஊகித்து எழுதியது போதும்.

பெரியோர்களே, சகோதரர்களே! தொகையை ஒதுக்குவதற்கு முன் இந்த நான்கு வாசகர்களையும் மூன்று குறிக்கோள்களையும் நீங்கள் ஏற்கிறீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏற்காவிட்டால் மாற்றுங்கள்; இவை சரியான வாசகர்கள் அல்லர் என்றால் சரியானவர்களைக் காட்டுங்கள். திசை முடிவாகாத வரை ஒரு ரூபாயும் தர வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

2009இல் என்னிடம் நீட்டப்பட்ட அந்தத் தாளை நான் இன்னமும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஒரு தாய் நம் தளத்தில் அச்செடுத்த தாளோடு அலுவலகப் படியேறி, "ஜமாஅத் போட்டதுதானே இது?" என்று கேட்டால், அங்கே இருப்பவர் தலைநிமிர்ந்து, "ஆம் தாயே, உட்காருங்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தளம்.

இப்பணியைச் செம்மையாக நிறைவேற்றும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.